கோதுமை ரொட்டியும் கோதுமை வேரும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

காலையில் லயத்தில் சுடும் ரொட்டி, டவுன் பேக்கரியின் பாண், சாயங்காலம் கடையில் தட்டும் பராட்டா, நோன்பு திறக்கும்போது நம் வீடுகளில் பொரிக்கும் சமோசாவும் ரோல்ஸும். இவை எல்லாம் ஒரே மாவில்தான் நடக்கின்றன. தோட்டத்திலும் டவுனிலும், எந்த மதத்து வீட்டிலும் கோதுமை மா இல்லாத நாள் குறைவு. ஆனால் நம் பிள்ளைகளிடம் கோதுமைச் செடி எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். செடியை விடுங்கள், முழுக் கோதுமை மணியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களே வகுப்பில் ஓரிருவர்தான். நமக்கு அது மாவாகவே பிறந்த பொருள்.

விஞ்ஞானப் பாடத்தில் தாவரக் கலத்தின் படம் வரைகிறோம். வெளியே தடித்த கோடு போட்டு, கலச்சுவர் என்று பெயரிட்டு, ஒரு புள்ளி வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அந்தக் கோட்டுக்குள் நம் ரொட்டியின் 80 வருட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம்.

முதலில் நம் மலையின் கதை. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இருக்கும் ரொத்சைல்ட் தோட்டம் நம் எல்லோருக்கும் தெரியும். 1841இல் மோரிஸ் டி வோர்ம்ஸ் என்பவர் சீனாவிலிருந்து தேயிலைக் கன்று கொண்டுவந்து நட்ட இடம் அது. ஆனால் அந்தக் காலத்தில் இந்த மலை கோப்பி மலை. 1869இல் இலங்கைக் கோப்பியில் துரு நோய் கண்டது. ஆரஞ்சு நிறத் தூள் போல இலையின் அடியில் படியும் ஒரு பூஞ்சணம். அதை ஆராய 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள். அவர் நோயின் வழியைக் கண்டுபிடித்தார், கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. கோப்பி போனது, தேயிலை வந்தது. இந்தத் 'துரு' என்ற சொல்லை நினைவில் வைத்திருங்கள், இன்னொரு நாட்டில் திரும்ப வரும்.

கோப்பி ஆனாலும் தேயிலை ஆனாலும் தோட்டத்து மக்கள் சாப்பிட்டது அரிசிதான். வெளியிலிருந்து கப்பலில் வந்த அரிசி, பெரும்பகுதி பர்மாவிலிருந்து. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த மாதமே கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டார்கள். பர்மா அரிசி நின்றதும் பங்கீட்டுக்குக் கோதுமை மா வந்தது. அதுவரை வெள்ளைக்காரர் வீட்டிலும் நகரத்து பேக்கரியிலும் இருந்த மா, அப்போதுதான் லயத்து அடுப்புக்கு வந்தது. சண்டை முடிந்த பிறகும் அது திரும்பிப் போகவில்லை. மலையேறி வேலைக்குப் போகிறவருக்கு ரொட்டி வசதியாக இருந்தது: சீக்கிரம் சுடலாம், துணியில் சுற்றலாம், பகல் வரை பசி தாங்கும்.

1972இல் சோவியத் யூனியன் உலகச் சந்தையில் ஏராளமான கோதுமையை வாங்கியது. உலக விலை மளமளவென ஏறியது. அதன் அடி நம் மலையில் 1973, 74இல் விழுந்தது. பங்கீடு குறைந்தது, பாணுக்கு விடியற்காலையில் வரிசை நின்றார்கள், தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் மரவள்ளிக் கிழங்கைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். 1980இல் திருகோணமலையில் பெரிய பிரிமா ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் பிறகு மாவாக வந்தது மணியாக வந்து இங்கே அரைபட்டது. விளைவது மட்டும் அன்றும் இன்றும் வெளிநாட்டில்தான். 2022 பெப்ரவரியில் உக்ரைனில் சண்டை தொடங்கியதும், நம் நாட்டில் டொலர் தீர்ந்ததும் ஒன்றாகச் சேர்ந்து வந்தபோது, ஒரு கிலோ மாவின் விலை ஒரு வருடத்துக்குள் இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்த மாதங்களில் காலைச் சாப்பாடு இல்லாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைகளை நாங்கள் ஆசிரியர்கள் பார்த்தோம். அதனால்தான் தூரத்து வயலில் இந்தச் செடிக்கு என்ன நடக்கிறது என்பது நமக்கு வெறும் பொது அறிவு இல்லை.

இப்போது மெக்சிக்கோவுக்குப் போவோம். 1944இல் நோர்மன் போர்லோக் என்ற அமெரிக்கர் அங்கே போனது கோதுமையின் துரு நோயை அடக்க. நம் கோப்பியை அழித்த பூஞ்சணத்தின் ஒன்றுவிட்ட உறவு அது. வார்ட் இங்கே தோற்ற சண்டையை, வேறு பயிரில், போர்லோக் வென்றார். நோய் அடங்கியதும் வேறொரு தொல்லை. விளைச்சலுக்காகப் பசளை போட்டால் கோதுமை நெடுநெடுவென வளர்ந்தது, கதிர் கனத்தது, காற்றடித்ததும் வயலோடு சாய்ந்தது. அக்காலத்துக் கோதுமை ஆள் நெஞ்சளவுக்கு நிற்கும் உயரமான புல்.

அதற்கான விடை ஜப்பானில் கிடந்தது. இனாசுகா கோஞ்சிரோ என்பவர் உருவாக்கி 1935இல் வெளிவந்த 'நோரின் 10' என்ற கோதுமை இரண்டு அடி உயரம்தான். யுத்தம் முடிந்த பின் 1946இல் ஜப்பானுக்குப் போன சாமன் என்ற அமெரிக்க விவசாய அதிகாரி அதன் விதையை எடுத்துப் போனார். வாஷிங்டன் மாநிலத்தில் ஓர்வில் வோகல் அதை அங்குள்ள கோதுமையோடு கலந்தார், பிறகு விதை போர்லோக் கைக்குப் போனது. குட்டையான, தடித்த தண்டு. எவ்வளவு பசளை போட்டாலும் சாயாது, உண்ட சத்தைத் தண்டில் வீணாக்காமல் மணிக்குத் தரும்.

இந்தியாவில் இதைக் கண்டு பிடித்துக்கொண்டவர் நம் மொழிக்காரர். 1925இல் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். அவர் முயற்சியில் 1963இல் போர்லோக் இந்திய வயல்களைப் பார்க்க வந்தார். 1966இல் இந்தியா மெக்சிக்கோவிலிருந்து 18,000 தொன் விதை இறக்கியது. லெர்மா ரோஹோ, சொனோரா என்பவை அந்த இனங்கள். 1964-65இல் சுமார் 1 கோடி 23 இலட்சம் தொன்னாக இருந்த இந்தியக் கோதுமை 1967-68இல் 1 கோடி 65 இலட்சம் தொன் ஆனது. பாகிஸ்தானிலும் அதே காலத்தில் அதே மாற்றம். பசுமைப் புரட்சி என்று பெயர் வைத்தார்கள். போர்லோக்குக்கு 1970இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. சுவாமிநாதன் 2023 செப்டெம்பரில் காலமானார். நிலத்தடி நீரும் பசளையும் பூச்சிமருந்தும் பற்றி இந்தப் புரட்சி மீது பல குறைகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் பல நியாயமானவை, சுவாமிநாதனே ஆரம்பத்திலிருந்து எச்சரித்தவர்தான். ஆனால் பஞ்சத்தின் விளிம்பில் நின்ற ஒரு தலைமுறை சாப்பிட்டது என்பதையும் மறைக்கக் கூடாது.

ஏன் குட்டையாக இருக்கிறது என்று அன்று எவருக்கும் தெரியாது. குட்டை என்பதை மட்டும் கண்ணால் பார்த்துத் தெரிவு செய்தார்கள். காரணம் தெரிய 1999 வரை பொறுக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் நோர்விச் நகரத்து ஜோன் இன்ஸ் நிலையத்தில் அந்தப் பரம்பரை அலகைப் பிரித்துப் பார்த்தார்கள். ஜிபரெலின் என்ற ஓமோன் 'நீளு' என்று சொல்லும்போது செடி கேட்காமல் இருக்கும்படி ஒரு புரதம் மாறியிருந்தது. ஜிபரெலினுக்கே ஒரு ஆசியக் கதை உண்டு. நெல்லை அசாதாரணமாக நீள வைக்கும் ஒரு பூஞ்சண நோயிலிருந்து ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டெடுத்த பொருள் அது. உலகத்துக்கே சோறு போட்ட குட்டைக் கோதுமை என்பது, சுருக்கமாகச் சொன்னால், காது கேளாத கோதுமை.

'நீளு' என்றால் என்ன? இங்கேதான் நாம் வரையும் அந்தத் தடித்த கோடு வருகிறது. தாவரக் கலத்துக்குள் நீர் புகுந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த வீக்க அமுக்கம் ஒரு கார் டயரின் காற்றமுக்கத்தை விட அதிகம். சுவர் இல்லாவிட்டால் கலம் வெடித்துவிடும். சுவர் இளகாவிட்டால் கலம் வளராது. ஆக, வளர்ச்சி என்பது சுவர் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு இளகிக் கொடுக்கிறது என்ற கணக்கு. செலுலோசு இழைகளை வேறு சர்க்கரைச் சங்கிலிகள் கட்டி வைத்திருக்கின்றன. அந்தக் கட்டைத் தளர்த்துவது யார்?

1992இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சைமன் மெக்குயின்-மேசன், டானியல் கொஸ்குரோவ் ஆகியோர் செய்த சோதனை எங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்று. வெள்ளரி நாற்றின் இளந்தண்டை எடுத்து, வெப்பத்தால் உயிர்ச் செயல் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். மிஞ்சியது வெறும் செத்த சுவர். இரு முனையையும் கவ்வி இழுத்தால் அது நீளவில்லை. பிறகு உயிருள்ள வெள்ளரிச் சுவரிலிருந்து எடுத்த புரதத்தை அதில் விட்டார்கள். செத்த சுவர் மெல்ல நீளத் தொடங்கியது! இழையை வெட்டாமல், பிடியை மட்டும் நழுவ விடும் புரதம். எக்ஸ்பான்சின் என்று பெயரிட்டார்கள். புல் இனங்களில் இதற்குப் பெரிய குடும்பமே இருக்கிறது, கோதுமையும் புல்தான். புல்லின் மகரந்தத்தால் மேலை நாடுகளில் பலருக்குத் தும்மல் வருவதற்கும் இந்தக் குடும்பத்துப் புரதம் ஒன்றே முக்கிய காரணம் என்று பிறகு தெரிந்தது.

இந்த இளக்கம் எல்லாவற்றையும் விடக் கூர்மையாக நடக்கும் இடம் வேர். நுனியில் கலங்கள் பிரிகின்றன. அதற்குச் சில மில்லிமீற்றர் பின்னால் அவை நீள்கின்றன. அந்தச் சிறு துண்டு நீளும் விசைதான் நுனியை மண்ணுக்குள் தள்ளுகிறது. சார்ல்ஸ் டார்வின் தன் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து 1880இல் எழுதிய நூலில், வேர் நுனி ஒரு சிறிய விலங்கின் மூளையைப் போல வேலை செய்கிறது என்ற கருத்தைச் சொன்னார். அன்று பலர் சிரித்தார்கள். 1937இல் அமெரிக்காவில் ஹோவர்ட் டிட்மர் என்பவர் நான்கு மாத வயதான ஒரேயொரு றை செடியின் வேர்களைக் கழுவி எடுத்துக் கணக்கிட்டார். றை கோதுமையின் நெருங்கிய உறவு. வேர்களின் மொத்த நீளம் 620 கிலோமீற்றருக்கு மேல். தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை நம் நாட்டையே அளந்து முடித்தாலும் மிச்சமிருக்கும். ஒரு பெட்டி மண்ணுக்குள், ஒரு செடிக்கு!

இவ்வளவு பெரிய பாதியைப் பசுமைப் புரட்சி பார்க்கவில்லை என்பதுதான் நாங்கள் சொல்ல வரும் விடயம். குற்றமாகச் சொல்லவில்லை. வேரைப் பார்க்கச் செடியைப் பிடுங்க வேண்டும், பிடுங்கிய செடி விளையாது. மேலே தெரிவதைப் பார்த்துத் தெரிவு செய்தார்கள், தண்ணீரும் பசளையும் தாராளமாகக் கிடைத்த வயலில் வேர் சிறிதாக இருந்தாலும் செடி சமாளித்தது. சங்கடம் காய்ந்த நிலத்தில்தான் வெளிப்பட்டது. ஓமோனின் சொல் கேளாத கோதுமையில் தண்டு மட்டும் குட்டையாகவில்லை. முளையை மூடிக்கொண்டு மண்ணைத் துளைத்து வரும் உறையும் குட்டையானது. மேல் மண் காய்ந்து கிடக்கும்போது விவசாயி ஈரத்தைத் தேடி ஆழமாக விதைத்தால், அந்தக் குட்டை உறை வெளிச்சத்துக்கு எட்டாமல் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பழைய நெட்டைக் கோதுமைக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

12ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில், செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் தன் பெரிய விவசாய நூலை மண், எரு, நீர் என்றுதான் தொடங்கினார். பயிர் பிறகுதான் வருகிறது. வரிசை எவ்வளவு பொருத்தம் என்று இப்போது தோன்றுகிறது.

கடந்த சில வருடங்களில் கதை மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. கோதுமையின் மரபுத்தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டது 2018இல்தான். தாமதத்துக்குக் காரணம் உண்டு. மூன்று புல்லினங்கள் ஒன்றோடொன்று கலந்து உருவான செடி அது. மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு நீளமான மரபுத்தொகுதி, ஒரு இலட்சத்துக்கும் மேல் பரம்பரை அலகுகள். அதை வாசித்த பிறகு வேலைகள் வேகமாயின. 2021இல் வெளிவந்த ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று வெள்ளரிச் சுவரை நீள வைத்த அதே மெக்குயின்-மேசன், சிலி நாட்டின் டானியல் கல்டெரினி முதலியோருடன் சேர்ந்து, வழக்கமாகக் கோதுமை வேரில் வேலை செய்யும் ஒரு எக்ஸ்பான்சினை வளரும் மணிக்குள்ளும் வேலை செய்யும்படி மாற்றினார்கள். மணியின் சுவர் கொஞ்சம் கூடுதலாக இளகியது, மணி பெருத்தது, மணிகளின் எண்ணிக்கை குறையவில்லை. வயல் சோதனையில் சுமார் 11 வீதம் கூடுதல் விளைச்சல். வேரின் சாவியைக் கதிரில் போட்டுத் திறந்த மாதிரி. சீனாவில் இன்னொரு கோதுமை எக்ஸ்பான்சினைப் புகையிலைச் செடிக்கு மாற்றியபோது அது வறட்சியை நன்றாகத் தாங்கியது.

2023இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கிலாட் கபாய், ஹோர்ஹே டுப்கோவ்ஸ்கி குழுவினர் வெளியிட்டது வேறு திசை. வறட்சியைத் தாங்குவதற்காக றை செடியின் ஒரு நிறமூர்த்தத் துண்டு கோதுமையில் பல காலமாகச் சேர்க்கப்பட்டு வருகிறது. அந்தத் துண்டின் ஒரு பகுதி தவறுதலாக இரட்டித்த செடிகளில் வேர் குட்டையாகிப் போனது. தேடிப் பார்த்தால், ஜஸ்மோனிக் அமிலம் என்ற ஓமோனை உண்டாக்க உதவும் ஒரு பரம்பரை அலகுக் குடும்பத்தின் பிரதிகள் கூடிவிட்டன. ஓமோன் கூடியதும் முதல் வேர்கள் நீள்வதை நேரத்தோடு நிறுத்திப் பக்க வேர் விடத் தொடங்கின. அந்த அலகுகளை வெட்டி எடுத்ததும் வேர் நீண்டது. சமையலில் உப்பு மாதிரி: அந்தப் பொருளே கெட்டதல்ல, அளவுதான் கணக்கு. அவுஸ்திரேலியாவில் நீண்ட முளையுறை கொண்ட கோதுமையை ஆழமாக விதைத்தால் நாட்டின் விளைச்சல் 18 முதல் 20 வீதம் கூடலாம் என்று 2022இல் ஒரு கணிப்பு வந்தது. தண்டைக் குட்டையாகவே வைத்து, உறையை மட்டும் நீள விடும் வேறு குட்டை அலகுகளை அவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

இதை வாசித்துவிட்டு நாளைக்கே பாண் விலை இறங்கும் என்று எவரும் நினைக்க வேண்டாம். சோதனை வயலுக்கும் விவசாயியின் வயலுக்கும் தூரம் அதிகம். நோரின் 10 கூட ஜப்பானிலிருந்து பஞ்சாப் வந்து சேர 30 வருடம் எடுத்தது. மரபணு மாற்றிய கோதுமைக்குப் பல நாடுகள் இன்னும் கதவைத் திறக்கவில்லை. ஆர்ஜென்டினா 2020இல் முதலில் அனுமதித்தது. அதன் நன்மை தீமையைப் பற்றி நம் ஆலிம்களும் விவசாயத் துறையினரும் பேசட்டும். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை இல்லை. யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் ஏழு பச்சைக் கதிர், ஏழு காய்ந்த கதிர் கனவும், தானியத்தைக் கதிரோடு சேமித்து வைக்கும் யோசனையும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். நல்ல வருடத்தில் கெட்ட வருடத்தைக் கணக்கிட்டவரின் கதை அது. மணியே விளையாத நாட்டில், கெட்ட வருடம் வேறொருவரின் வயலில் தொடங்கி நம் அடுப்பில் முடிகிறது.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1942 பங்கீட்டு மா பற்றி உங்கள் உம்மா, வாப்பா, அப்பா, அம்மாயி சொல்லிக் கேட்டதையும், 73, 74இல் நீங்களே கண்டதையும் சொல்லுங்கள். எங்களுக்கு உட்பெட்டியில் குரல் பதிவாக அனுப்பினாலும் எழுதிக்கொள்வோம். தோட்டத்துக் கதை, டவுன் கதை இரண்டும் வேண்டும். மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் வாசித்துக் காட்டப் போகிறோம்.

பெற்றோருக்கு ஒரு சிறிய வேலை. ஜெர்மனியின் யூலியஸ் சாக்ஸ் 19ஆம் நூற்றாண்டில் அவரை வேரில் செய்த சோதனையை வீட்டிலேயே செய்யலாம். முழுக் கோதுமை கிடைத்தால் நல்லது, ஆனால் அதன் வேர் மெல்லியது, கோடு போடக் கை நடுங்கும். கௌபி அல்லது கடலை போதும். இரவு ஊறவைத்து, நனைத்த டிஷ்யூவோடு கண்ணாடிப் போத்தலின் சுவரோரம் வையுங்கள். வேர் ஒரு அங்குலம் வந்ததும் நுனியிலிருந்து மேலே மில்லிமீற்றருக்கு ஒன்றாக மெல்லிய மைக்கோடுகள் போடச் சொல்லுங்கள். வேர் கீழ்நோக்கி இருக்கும்படி திரும்ப வைத்து, ஈரம் காயாமல் ஒரு நாள், இரண்டு நாள் விடுங்கள். மேலே போட்ட கோடுகள் போட்டபடியே இருக்கும். நுனிக்குச் சற்று மேலே உள்ள கோடுகள் மட்டும் ஒன்றை விட்டொன்று விலகிப் போயிருக்கும். படம் எடுத்து அனுப்புங்கள்.